மியூனிக்கிலிருந்து ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள் சார்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியர். அக்டோபரில் நானும் மனைவியும் ஐரோப்பா போகிறோம். பெங்களூரிலிருந்து ரோம், அங்கே மூன்று நாள், பிறகு ஃப்ளாரன்ஸ், வெனிஸ், அங்கிருந்து ரயிலில் மியூனிக். மகள் அங்கே வேலை பார்க்கிறாள். ஒரு வாரம் அவளோடு இருந்துவிட்டு இரவு ரயிலில் ரோம் வந்து, அன்று மதியமே விமானம் ஏறுகிறோம். எல்லா டிக்கெட்டும் மகள் வாங்கிவிட்டாள். இப்போது தெரிந்தவர்கள் எல்லாம் இத்தாலியில் மாதத்துக்கு ஒருமுறை ரயில் ஸ்டிரைக் நடக்கும், நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள் என்று பயமுறுத்துகிறார்கள். மனைவிக்கு மூட்டுவலி, சர்க்கரையும் உண்டு. மொழி தெரியாத ஊர். பேசாமல் ரயிலை எல்லாம் ரத்து செய்துவிட்டு ஏதாவது டூர் கம்பெனியோடு போய்விடலாமா?

பதில்:

சார், ரத்து செய்யாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பேசுவோம்.

உங்கள் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். பயப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "இரவு ரயிலில் ரோம் வந்து, அன்று மதியமே விமானம்." ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று போகும் ரயில்கள் நின்றால் அரை நாள் வீணாகும், கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். அந்த இரவு ரயில் நின்றால் விமானம் போய்விடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ரயில் வேலைநிறுத்தம் என்றாலே பதற்றம் வருவது இயல்புதான், நமக்கு அது பழக்கமே இல்லை. இந்தியா முழுக்க ரயில்காரர்கள் வேலையை நிறுத்தியது 1974 மே மாதம், ஜார்ஜ் பெர்னாண்டஸ் காலத்தில். அதற்குப் பிறகு அந்த அளவுக்கு நடக்கவே இல்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் ஸ்டிரைக்தான். 2018 ஜனவரி 4-ஆம் தேதி சாயங்காலம் பேச்சுவார்த்தை முறிந்தது என்று செய்தி வந்த உடனேயே பஸ்கள் நின்றதும், வீட்டுக்குப் போக வழியில்லாமல் ஜனங்கள் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்ததும் நினைவிருக்கும். ஸ்டிரைக் என்றால் இப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் வரும் என்று நம் மனதில் பதிந்துவிட்டது.

இத்தாலியில் நடைமுறை வேறு. அங்கே வேலைநிறுத்தம் செய்வது அரசியல் சாசனத்திலேயே எழுதப்பட்ட உரிமை, 40-ஆவது பிரிவு. ஆனால் ரயில், பஸ், மருத்துவமனை மாதிரி மக்களுக்கு அவசியமான சேவைகளில் அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு 1990-இல் 146-ஆம் எண் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி தொழிற்சங்கம் குறைந்தது 10 நாள் முன்பே அறிவிக்க வேண்டும், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் சேர்த்து. அறிவித்தவை எல்லாம் அந்த நாட்டுப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் தேதிவாரியாகப் பட்டியலாக இருக்கும், எந்தத் துறை, எந்தப் பகுதி, எத்தனை மணி நேரம் என்று. இத்தாலிய மொழியில்தான் இருக்கும், மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டால் நன்றாகவே புரியும். வேலைநிறுத்தத்துக்கு அவர்கள் சொல்வது 'ஷோப்பெரோ', இந்த ஒரு சொல்லை மட்டும் மகளிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், நிலையத்துப் பலகையில் அதைத்தான் போடுவார்கள்.

ஆக, நீங்கள் கெம்பேகவுடா விமான நிலையத்தில் ஏறுவதற்கு முன்பே, முதல் பத்து நாள் பயணத்தில் ஸ்டிரைக் இருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அதே சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: தொழிலாளர்களின் உயிருக்கும் பாதுகாப்புக்கும் பாதகமான கடுமையான சம்பவம் நடந்தால் அதை எதிர்த்துச் செய்யும் வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்புக் கட்டாயமில்லை. 2023 ஆகஸ்ட் கடைசியில் டூரின் நகருக்குப் பக்கத்தில் பிராண்டிட்ஸோ என்ற இடத்தில் இரவு நேரத்தில் தண்டவாள வேலை பார்த்துக்கொண்டிருந்த 5 தொழிலாளர்கள் மேல் ரயில் மோதி இறந்துபோனார்கள், அதையொட்டி வேலைநிறுத்தங்கள் நடந்தன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கவுண்டரில் இருப்பவரிடம் கோபப்படும் பயணிகளைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறேன். அந்த மனிதருக்கும் ஒரு காரணம் இருக்கும். பொறுமையாகக் கேட்டால் அடுத்த ரயிலை அவரே தேடித் தருவார், அங்கே உதவி கிடைப்பது அப்படித்தான். 2025 அக்டோபர் 3 அன்று நடந்த பொது வேலைநிறுத்தமும் போதிய அவகாசம் தராமல் வந்ததுதான், அது சட்டப்படி சரியா என்று அங்கேயே பெரிய சர்ச்சை ஆனது. அப்படியும் நடக்கலாம், ஆனால் அது விதிவிலக்கு.

சரி, ஸ்டிரைக் நாளிலேயே உங்கள் ரயில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு எல்லா ரயிலும் நிற்காது. இது பலருக்குத் தெரியாது. வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் மண்டல ரயில்கள் ஓடியே ஆக வேண்டும், அலுவலகம் போகிறவர்களுக்காக. தொலைதூர ரயில்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், ஸ்டிரைக் நாளிலும் கட்டாயம் ஓடும் ரயில்கள் என்று ரயில் எண்ணோடு. அரசு ரயில் கம்பெனியான ட்ரெனிடாலியாவின் தளத்தில் இருக்கும், தனியார் கம்பெனியான இத்தாலோவும் இதேபோல வெளியிடும். டிக்கெட்டில் உங்கள் ரயில் எண் இருக்கும், 'ஃப்ரெச்சியாரோஸா' என்ற அதிவேக ரயிலின் பெயருக்குப் பக்கத்திலேயே நான்கு இலக்கத்தில். அந்த எண் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிம்மதியாகக் காபி குடித்துவிட்டு நிலையத்துக்குப் போகலாம். இல்லாவிட்டாலும் உடனே ரத்து என்று அர்த்தமில்லை, வேலைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து அதுவும் ஓடலாம்.

என் மூலம் போன ஓசூர்த் தம்பதி ஒருவர், ஸ்டிரைக் செய்தியை ஹோட்டல் டிவியில் பார்த்த உடனே பட்டியல் எதையும் பார்க்காமல் இரவு பஸ் பிடித்துவிட்டார்கள். இரவு முழுக்க உட்கார்ந்தே போய், அந்த அம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது. அவர்கள் டிக்கெட் வைத்திருந்த ரயில் கட்டாயம் ஓடும் பட்டியலில் இருந்தது, நேரத்துக்கு ஓடவும் செய்தது. காலையில் எனக்கு போன் செய்து அழுதார்கள். எனக்கும் மனசு கேட்கவில்லை, ஏனென்றால் ஒரு போன் முதல் நாள் இரவே வந்திருந்தால் போதும். அதனால்தான் சொல்கிறேன், உங்களோடு வரும் அம்மாவுக்கு மூட்டுவலி என்றால் அவசர முடிவு எதுவும் வேண்டாம்.

டிக்கெட்டை நீங்களாக முந்திக்கொண்டு சாதாரண முறையில் கேன்சல் செய்யாதீர்கள். மலிவு விலை டிக்கெட் என்றால் பைசா திரும்பாது. வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டுவிட்டால் விதி மாறிவிடும்: தொலைதூர ரயில் என்றால் ரயில் புறப்படும் நேரம் வரைக்கும், மண்டல ரயில் என்றால் ஸ்டிரைக் நாளுக்கு முந்தைய நள்ளிரவு வரைக்கும், பயணத்தைக் கைவிடுகிறேன் என்று சொல்லி முழுப் பணத்தையும் கேட்கலாம். இல்லை, வேறு ரயிலில் இடம் இருந்தால் மாற்றித் தரச் சொல்லலாம். வேறு ஏதாவது ஆப் மூலம் மகள் வாங்கியிருந்தால் பணம் கேட்கும் வேலையை அந்த ஆப் வழியாகவே செய்ய வேண்டியிருக்கும், எங்கே வாங்கினார் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நீங்கள் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு ஸ்டிரைக் நேரம் தொடங்கினால்? உங்கள் தெரிந்தவர்கள் சொன்ன 'நடுவழி' இதுதான். கிளம்பிவிட்ட ரயில், ஸ்டிரைக் தொடங்கி 1 மணி நேரத்துக்குள் கடைசி நிலையத்தை அடைய முடியும் என்றால் போய்ச் சேரும். அதைவிடத் தூரம் என்றால் வழியில் ஒரு நிலையத்தில் நிறுத்திவிடலாம். ஃப்ளாரன்ஸிலிருந்து வெனிஸ் அதிவேக ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தான், ஆகவே ஸ்டிரைக் தொடங்கும் நேரத்துக்கு நன்றாக முன்பே கிளம்பும் ரயிலாகப் பார்த்து மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. வழியில் பொலோனியாவில் இறக்கிவிட்டாலும் அது பெரிய சந்திப்பு, நம் ஜோலார்பேட்டை மாதிரி நாலா பக்கமும் ரயில் போகிற இடம், வெனிஸுக்கு அடுத்தது கிடைக்கும்.

வெனிஸில் மட்டும் ஒரு கவனம். அங்கே நகரப் பேருந்து என்பதே படகுதான், அந்தப் படகுக்காரர்களும் வேலைநிறுத்தம் செய்வது உண்டு. நடந்தே போகலாம் என்பார்கள், ஆனால் வெனிஸில் நடப்பது என்றால் கால்வாய்க்குக் கால்வாய் படிக்கட்டுப் பாலம் ஏறி இறங்குவது, பெட்டியையும் தூக்கிக்கொண்டு. மூட்டுவலிக்காரருக்கு அது தண்டனை. ஹோட்டல் எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. சாண்டா லூசியா ரயில் நிலையத்திலிருந்து பெரிய பாலம் எதுவும் தாண்டாமல் போகிற தூரத்தில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நிலப்பகுதியில் மெஸ்த்ரே நிலையத்துக்கு எதிரிலேயே நிறைய ஹோட்டல்கள் உண்டு, வாடகையும் குறைவு, மாற்றிவிடுங்கள்.

இனி அந்தக் கடைசி இரவு.

காவிரிப் பிரச்சினையில் கர்நாடகத்தில் பந்த் என்று அறிவித்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஜூஜூவாடியோடு நம் பஸ் நின்றுவிடும், அத்திப்பள்ளி வரைக்கும் பெட்டியோடு நடக்க வேண்டும், அதற்கப்புறம் வண்டி கிடைக்குமோ கிடைக்காதோ. 2023 செப்டம்பர் 29 அன்று பெங்களூரில் விமானம் இருந்த நம் பக்கத்து ஆட்கள் விவரம் தெரிந்தவர்களாக இருந்தால் முதல் நாளே கிளம்பிப் போய் விமான நிலையம் பக்கத்தில் அறை போட்டுத் தங்கியிருப்பார்கள். கிருஷ்ணகிரியில் இருந்து தேவனஹள்ளி மூன்று மணி நேரம்கூட முழுசாக ஆகாது, அதற்கே அப்படிச் செய்கிறோம். மியூனிக்கிலிருந்து ரோம் இரண்டு நாட்டு எல்லை தாண்டி இரவு முழுக்க வருகிற தூரம். அதை விமானம் ஏறும் அதே நாளில் வைக்கலாமா?

இத்தாலியில் 24 மணி நேர ரயில் வேலைநிறுத்தங்கள் பல, இரவு 9 மணிக்குத் தொடங்கி மறுநாள் இரவு 9 மணிக்கு முடிகிற மாதிரி வைக்கப்படுகின்றன. உங்கள் ரயில் ஆஸ்திரியா வழியாக இரவில்தான் இத்தாலிக்குள் நுழையும். மியூனிக்கில் எல்லாம் ஒழுங்காக ஓடும், ஆஸ்திரியாவில் ஓடும், இத்தாலி எல்லையைத் தாண்டி ஓட்ட ஆள் இல்லை என்றால் ரயில் எல்லையிலேயே நிறுத்தப்படலாம், அல்லது மியூனிக்கிலிருந்தே கிளம்பாமல் போகலாம். ஜெர்மனி பக்கம் வேலைநிறுத்தம் வந்தாலும் கதை அதுதான். அங்கே இத்தாலி மாதிரி 10 நாள் கெடு சட்டத்தில் கிடையாது, ஓரிரு நாள் முன்பு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவார்கள். 2024 ஜனவரியில் ரயில் ஓட்டுநர் சங்கமான ஜி.டி.எல் சுமார் 5 நாள் தொடர்ந்து நிறுத்தியது. ரயில்வே அவசரகால அட்டவணை போட்டுக் கொஞ்சம் தொலைதூர ரயில்களை மட்டும் ஓட்டியது.

இப்போது முக்கியமான விஷயம். ரயில் ரத்தானால் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி உங்களுக்கு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ள புதிய விதியின்படி, 60 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தாலே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அல்லது வேறு வழியில் ஊர் சேர்க்கச் சொல்லலாம். அந்த மாற்று ஏற்பாட்டை 100 நிமிடத்துக்குள் ரயில்வே சொல்லாவிட்டால், நீங்களே வேறு ரயிலோ பஸ்ஸோ பிடித்துவிட்டு நியாயமான செலவைக் கேட்டு வாங்கலாம். மறுநாள்தான் போக முடியும் என்றால் தங்கும் இடம், காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற சாப்பாடு அவர்கள் பொறுப்பு. பயணத்தைத் தொடர்ந்து தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 1 முதல் 2 மணி நேரத்துக்கு டிக்கெட் விலையில் 25 சதவீதம், அதற்கு மேல் 50 சதவீதம் இழப்பீடு. ரயில்வேயின் சொந்த ஊழியர்கள் செய்யும் வேலைநிறுத்தத்தை 'எங்கள் கையில் இல்லாத இயற்கைச் சீற்றம் மாதிரி' என்று சொல்லி அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது, அதையும் அந்த விதியிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும், தவறவிட்ட விமானத்துக்கு இதில் ஒரு பைசா வராது. ரயில் டிக்கெட் தனி, விமான டிக்கெட் தனி. ரோம் வரை கொண்டுவந்து சேர்ப்பதோடு ரயில்வேயின் கடமை முடிந்தது, விமானக் கம்பெனிக்கோ நீங்கள் வராதது மட்டும்தான் தெரியும். இரண்டு பேருக்கும் கடைசி நிமிடத்தில் ரோம் - பெங்களூர் வாங்குவது என்றால் அது உங்கள் ஓய்வூதியத்தில் பெரிய ஓட்டை. நான் பயப்படுவது இதற்குத்தான்.

அதனால் விமானம் 22-ஆம் தேதி என்று வைத்துக்கொண்டால், 20 இரவு மியூனிக்கில் ஏறி 21 காலை ரோமில் இறங்குகிற மாதிரி மாற்றுங்கள். அந்த ரயில் நின்றாலும் 21 பகல் முழுக்க உங்கள் கையில் இருக்கும், பகல் ரயிலோ மியூனிக் - ரோம் விமானமோ பார்த்துக்கொள்ளலாம், மகளும் பக்கத்தில் இருப்பதால் ஓடியாடிச் செய்ய ஆள் உண்டு. விமானத் துறையில் ஸ்டிரைக் என்றால்கூட இத்தாலியில் காலை 7 முதல் 10 வரை, மாலை 6 முதல் 9 வரை கிளம்பும் விமானங்களுக்குப் பாதுகாப்பு உண்டு, வாங்கும்போது அந்த நேரத்தில் உள்ளதாகப் பாருங்கள். ரோம் நகரத்திலிருந்து ஃபியூமிச்சினோ விமான நிலையத்துக்குப் போகும் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்டிரைக் நாளில் நின்றால் பதிலுக்கு பஸ் விடுவார்கள், கூட்டம் அதிகமாக இருக்கும். நீங்கள் டாக்சியிலேயே போய்விடுங்கள், ரோமின் பழைய கோட்டை மதிலுக்குள் இருக்கும் பகுதியிலிருந்து என்றால் நகராட்சி வைத்த ஒரே கட்டணம்தான், பேரம் வேண்டியதில்லை. வெள்ளை நிற அதிகாரபூர்வ டாக்சியாகப் பார்த்து ஏறுங்கள்.

விசா ஸ்டிக்கரில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். தேதி நீளமாக இருந்தாலும் தங்கும் நாட்கள் என்று தனி எண் ஒன்று இருக்கும், அதுதான் கணக்கு. ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தாலும் அந்த எண்ணுக்குள் வரவேண்டும். விசாவுக்காக எடுத்த காப்பீடு 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு உள்ளது, ரயில் ரத்தானதற்கும் தரும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். பாலிசியில் பயணத் தாமதம் என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அறிவிப்பு வந்த பிறகு எடுத்த பாலிசி அந்த ஸ்டிரைக்குக் கை கொடுக்காது, எடுப்பதானால் இப்போதே.

டூர் கம்பெனி கேட்டீர்கள். தவறு ஒன்றும் இல்லை, ஆனால் அவர்கள் காலை ஐந்தரைக்கு எழுப்பி பஸ்ஸில் ஏற்றி, ஒரு நாளைக்கு இரண்டு ஊர் காட்டுவார்கள், அம்மாவின் மூட்டுக்கு அதுதான் கஷ்டம். மகளோடு ஒரு வாரமும் கிடைக்காது. உங்கள் திட்டம் நிதானமான நல்ல திட்டம் சார், எந்த ஊரிலும் ஒரே நாளில் இரண்டு ரயிலை முடிச்சுப்போட்டு வைக்கவில்லை. அதை யார் போட்டார்களோ அவருக்கு என் பாராட்டு.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் இருந்தால் அதுவும், பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் இருக்கட்டும், இரண்டு நாளைக்குக் கூடுதலாக. வறுத்த கடலை, பேரீச்சை, பிஸ்கட் ஏதாவது கையில் இருக்கட்டும், ஸ்டிரைக் நாளில் நிலையத்துக் கடைகளில் வரிசை நீளும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர் காத்திருக்கக் கூடாது.

இந்த வாரமே மகளிடம் அந்த இரவு ரயில் டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாற்றவே முடியாத வகை என்றால் அந்தப் பணத்தை விட்டுவிட்டு முதல் நாளுக்குப் புதிதாக வாங்கிவிடுங்கள், விமானத்தோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகைதான். படுக்கை வசதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், தள்ளிப்போட வேண்டாம். வாங்கும்போது அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை என்று குறிப்பிட்டு வாங்கச் சொல்லுங்கள், மேலே ஏற ஏணி செங்குத்தாக இருக்கும்.